புறா விரட்டும் உத்தியோகம்

என் தலைமேல் ஒரு வெள்ளைப் புறா உட்கார்ந்திருந்தது. தோளில் இன்னொன்று. காலைச் சுற்றி ஒரு கும்பல். எதிரே டை கட்டிய மேனேஜர் ஒருவர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் சூப்பர்வைசர் நாயுடு கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ ஒரு சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

புறாக்களை விரட்டுவதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த இடம் அது.

போன வாரம் நான் ஐஸ் கம்பெனியிலிருந்து ஓடிவந்த கதையைப் படித்துவிட்டு, "அதற்கப்புறமாவது உருப்படியான ஒரு வேலைக்குப் போனீர்களா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். போனேன் அம்மா. அப்படிப் போனதுதான் இது.

கோதுமையும் டின்னும்

கோதுமைக் கப்பல்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த காலம். ரேஷன் கடையில் அரிசி கேட்டால் கோதுமையைக் காட்டுவார்கள். ராயபுரத்தில் அப்போது பாதி வீடுகளில் சப்பாத்தி இடத் தெரியாது. எங்கள் அம்மா சுட்ட முதல் சப்பாத்தியை அப்பா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத்த ஷெட்டுக்கு எடுத்துக்கினு போனா வாஷரா யூஸ் பண்ணலாம்" என்றார். அவர் ரயில்வேயில் ஃபிட்டர். அன்றைக்கு அம்மா அவருக்கு வேறெதுவும் கொடுக்கவில்லை.

துறைமுகத்தில் இறங்கிய மூட்டைகள் எங்கள் பக்கத்துக் குடோன்களில் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கும். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்கள். உயரத்தில் வரிசையாக வென்டிலேட்டர்கள். ஒன்றில்கூட முழுக் கண்ணாடி கிடையாது. மாடப்புறாக்கள் அந்த வழியாக உள்ளே வந்து, தின்று, கழிந்து, குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்தன.

ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். அவர்கள் குடோனில் புறா விரட்ட ஆள் எடுத்தார்கள். நான் பி.யூ.சி. முடித்துவிட்டு, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு, வீட்டில் எல்லோருடைய கண்ணிலும் தினமும் பட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் மாதா கோவிலுக்குப் பூசைக்கு வரும் ஒருவர், நாயுடுவின் நண்பர், சிபாரிசு செய்து என்னைச் சேர்த்துவிட்டார்.

முதல் நாள் நாயுடு ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னையும் ஒரு குச்சியையும் என் கையில் கொடுத்தார்.

"தட்டு" என்றார்.

தட்டினேன். புறாக்கள் எழுந்து கூரைக்குப் போயின.

"அவ்வளவுதான் வேலை. நல்லாப் புரிஞ்சுதா?"

"அதுங்க மறுபடி கீழ வந்தா சார்?"

"மறுபடி தட்டு" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

நான் தட்டுவேன், அவை மேலே போகும். நான் குச்சியைக் கீழே வைப்பேன், அவை கீழே வரும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இதேதான். சில நாட்களில், அவைதான் என்னை வேலைக்கு வைத்திருக்கின்றனவோ என்று சந்தேகம் வந்துவிடும். சாயங்காலம் வீடு திரும்பினால் உடம்பு பூராவும் கோதுமைத் தூசி, காதில் டின் சத்தம். இன்றைக்கு என்ன சாதித்தாய் என்று யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று பயந்துகொண்டே நடப்பேன்.

யாராவது கேட்டால் அப்பா எனக்கு முன்னால் முந்திக்கொண்டு பதில் சொல்வார். "பையன் ஃபுட் டிபார்ட்மென்ட்ல கீறான்." என்னிடம் தனியாகச் சொன்னது வேறு. "புறா ஓட்றேன்னு எவனாண்டனா சொன்ன, தோல உரிச்சிடுவேன்."

லூர்தக்கா

அந்த வேலைக்கு இரண்டு பேர். குடோனின் ஒரு கோடியில் நான், மறுகோடியில் லூர்தக்கா.

காசிமேட்டுக்காரி. நாற்பதை ஒட்டிய வயது. வாய்க்குக் காவல் கிடையாது. புருஷன் பம்பாய்க்கு வேலைக்கு என்று போனவர், போனவர்தான். நான் சேர்ந்த அன்றைக்கே எனக்குக் காலேஜு என்று பெயர் வைத்துவிட்டாள்.

"இன்னா காலேஜு, காலங்காத்தால மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு குந்திகினு கீற? எவன்னா செத்துட்டானா?"

"இதெல்லாம் ஒரு வேலையாக்கா?"

"ஐயே! கலெக்டரு வேல காலியா கீதான்னு கேட்டுக்கினு வரட்டா?"

அவள் டின்னைத் தொடவே மாட்டாள். அவளுக்குக் கொடுத்த டின்னில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். புறா இறங்கினால் சேலையை வரிந்துகொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு வசவு விடுவாள். அந்த வசவை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. புறாவின் தாய், தகப்பன், அது முட்டையாய் இருந்த காலத்து நடத்தை எல்லாம் அதில் வரும். புறாக்கள் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை. எல்லாம் என் பக்கம்தான்.

"டின்னுக்கெல்லாம் அதுங்க மெர்சலாவாது. மானங்கெடக் கேக்கணும். புறாவுக்கும் மானம் கீது காலேஜு" என்பாள்.

அக்கா டெம்பரவரி. நானும் டெம்பரவரி. ஆனால் நான் போன மாதத்து டெம்பரவரி, அவள் பல வருஷத்து டெம்பரவரி. இந்தக் கணக்கு இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. தொடர்ந்து வேலை பார்த்தால் பர்மனென்ட் ஆக்கச் சொல்லிக் கேட்பார்கள் அல்லவா? அதனால் சில மாதத்துக்கு ஒருமுறை 'பிரேக்' என்று சொல்லி ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்ததும், அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பேரைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள்.

நாயுடு நிஜமாகவே தெரியாததுபோல முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார். "பேர் ஏமிட்டி?"

அக்காவும் விடமாட்டாள். "சார், நான் ஊருக்குப் புச்சு. கக்கூஸு எந்தாண்ட கீது?"

இந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு விஷயம் இருந்தது. புருஷன் போனதிலிருந்து அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். அந்த வீட்டில் அண்ணிதான் எல்லாம். அக்கா கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாலும், அண்ணி அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிடுவாளாம். அக்கா சாயங்காலம் வந்து, எதுவும் சொல்லாமல், பெட்டியை உள்ளே எடுத்து வைப்பாளாம். லூர்தக்கா எதுவும் சொல்லாமல் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இந்தக் குடோன் சம்பளத்தை நம்பித்தான், நான் சேருவதற்குச் சில மாதம் முன்னால், தனியாக ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தாள். "வேல போச்சுன்னா ரூமு போச்சு. அந்த வூட்டுக்கு மறுபடியும் பொட்டிய தூக்கிக்கினு போறதுக்கு, நான் கடலுக்குள்ள நடந்து பூடுவேன்" என்றாள். அதைச் சிரிக்காமல் சொன்னாள்.

நான் அறிவாளி ஆன வாரம்

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தான்.

டின் தட்டித் தட்டி எனக்குச் சலித்துவிட்டது. ஒரு நாள் அண்ணாந்து பார்த்தேன். புறா எந்த வழியாக வருகிறது? வென்டிலேட்டர் வழியாக. வென்டிலேட்டரை அடைத்தால்? பி.யூ.சி.யில் லாஜிக் பாடத்தில் நல்ல மார்க் எனக்கு. மூலையில் கிழிந்த கோணிகள் மலைபோலக் கிடந்தன. ஏணி இருந்தது, கயிறு இருந்தது. அக்கா பிரேக்கில் போயிருந்த வாரம் அது. தடுக்கவும் ஆளில்லை.

ஒவ்வொரு ஓட்டையாக ஏறி, கோணியைச் சுருட்டித் திணித்து, கயிற்றால் கட்டினேன். அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து முதல்முறையாக, செய்கிற காரியத்துக்கு ஒரு அர்த்தம் இருப்பதுபோலத் தோன்றியது. சாயங்காலம் விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். வாரக் கடைசியில் குடோனுக்குள் ஒரு புறாகூட இல்லை. எல்லாம் எதிர்வரிசையில் இருந்த அரிசி மண்டிக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

அக்கா திரும்பி வந்து, பேர் கொடுத்து, உள்ளே நுழைந்தாள். நின்றாள். மேலே பார்த்தாள்.

"இன்னாடா சத்தமே காணோம்?"

"இனிமே வராதுக்கா. நான் எல்லாத்தையும் அடைச்சிட்டேன்!"

ஒரு பாராட்டை எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா ஒரு மூட்டையின்மேல் மெதுவாக உட்கார்ந்தாள்.

"புறாவே இல்லாங்காட்டி, நாம இன்னாத்துக்குடா?"

அந்தக் கேள்வி லாஜிக் பாடத்தில் வரவில்லை.

அடுத்து அவள் விட்ட வசவில், புறாவின் இடத்தில் நான் இருந்தேன்.

சொல்லிவைத்தாற்போல அன்று மத்தியானமே நாயுடு வந்தார். பீச் ரோட்டு ஹெட் ஆபீஸிலிருந்து மேனேஜர் வரப்போகிறாராம். ஆள்குறைப்பாம். எந்த ஆள் வேண்டும், எந்த ஆள் வேண்டாம் என்று நேரில் பார்த்துத் தீர்மானிப்பாராம். நாயுடு அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏமிரா, புறா இல்லாத குடோன்ல புறா தொரத்தறவங்க ரெண்டு பேர் எதுக்குன்னு கேட்டா நான் என்னா சொல்றது?"

அன்றைக்கே ஏணியில் ஏறினேன். அடைத்த கோணிகளையெல்லாம் பிடுங்கினேன். அக்கா கீழே நின்று, "அத்தயும் புடுங்கு, கஸ்மாலம்! அந்தாண்டயும்!" என்று ஏணியை ஆட்டினாள். எல்லா ஓட்டையும் திறந்தது. கீழே கோதுமையைத் தூவினோம். வா வா என்று கெஞ்சினோம். போன புறா ஒன்றுகூடத் திரும்பவில்லை. அரிசி ருசி கண்டவை கோதுமைக்கு எப்படித் திரும்பும்? நாமே திரும்புவோமா?

காதரின் மாடி

இந்த இடத்தில் என் தோஸ்து காதரைச் சொல்லியாக வேண்டும்.

வண்ணாரப்பேட்டையில் அவன் அத்தாவுக்கு ஆணி, தாழ்ப்பாள் விற்கும் கடை. காதருக்குக் கடையில் உடம்பு இருக்கும், மாடியில் மனசு இருக்கும். மாடியில் புறாக்கூண்டு.

வடசென்னையில் பிறக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் சாயங்காலமானால் ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் நடப்பார்கள். சைக்கிளில் மோதுவார்கள், சாக்கடையில் விழுவார்கள், எழுந்து மறுபடியும் மேலேதான் பார்ப்பார்கள். யார் புறா அதிக நேரம் பறக்கிறது, யார் புறா எத்தனை கரணம் போடுகிறது என்பதற்குப் பந்தயம். அதில் ஒரு சட்டமும் உண்டு. வழி தவறி நம் மாடியில் இறங்கிய புறா நம்முடையது. சொந்தக்காரன் தேடிவந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பலாம், புறாவைக் கொடுக்க வேண்டியதில்லை. இந்தச் சட்டத்தால் சம்பந்தி வீடுகள் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருக்கின்றன.

நானும் பள்ளிக்கூட நாளிலிருந்து அந்த மாடியிலேயே கிடந்தவன். வெயில் இறங்கும் நேரத்தில் காதர் கம்புத் தானியம் போட்டு வைத்த பழைய பிஸ்கட் டின்னைத் தட்டுவான். வானத்தில் புள்ளியாய்ச் சுற்றும் புறாக்கள் சுருக்கென்று மாடிக்கு இறங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

அவனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

"அந்தக்கா ரூமு போய்டுமா மெய்யாலுமே?"

"போய்டும் மாமு."

"சரி. ஒரு நாளைக்குத்தான். ராத்திரி தீனி போட மாட்டேன். பசியோட இருந்தா உன் கோதுமைய வுட்டு நவுராது. தொரத்திட்டீன்னா நேரா வூட்டுக்கு வந்துடும். ஒரு றெக்கை கொறைஞ்சுது, உன்ன கூண்டுல போட்டுடுவேன்."

மேனேஜர் வந்தார்

அன்று காலை இரண்டு கூடை புறாக்களோடு, மேலே துணி மூடி, ரிக்‌ஷாவில் போய் இறங்கினேன். நாயுடு கூடையைப் பார்த்தார். கூடைக்குள்ளிருந்து குர்ர் என்று சத்தம் வந்தது. "நான் ஒண்ணும் பார்க்கல" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திறந்துவிட்டோம். பறந்துபோய் உத்திரத்தில் உட்கார்ந்தன. அப்போதுதான் எனக்கே உறைத்தது. தூய வெள்ளையில் சில. தேன் நிறத்தில் சில. ஒன்றுக்குக் காலில் செருப்புப் போட்டதுபோல இறகு. கல்யாண ஊர்வலத்துக்கு வந்தவை போல இருந்தன. குடோன் மாடப்புறா என்று சொன்னால் குருடன்கூட நம்பமாட்டான்.

மேனேஜர் உள்ளே வந்தார். தூசிக்கு இரண்டு தும்மல் போட்டார். அண்ணாந்து பார்த்தார்.

"நாயுடு, இந்தப் பக்கத்துப் புறா இவ்வளவு அழகாவா இருக்கும்?"

நாயுடு ஒரு கணம்தான் தடுமாறினார். "அது... கோதுமையோடகூடக் கப்பல்ல வந்துடுச்சு சார். ஃபாரின் புறா."

மேனேஜர் தலையை ஆட்டினார். நம்பிவிட்டார்! கோதுமையே வரும்போது புறா வராதா என்று நினைத்திருப்பார். அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள், தோள் குலுங்கியது.

"எப்படி விரட்டறீங்க? காட்டுங்க, பார்க்கலாம்."

படித்த பையன் என்று என்னைத்தான் நாயுடு முன்னால் தள்ளினார். டின்னை எடுத்தேன். ஓங்கித் தட்டினேன்.

உத்திரத்தில் இருந்த அத்தனை புறாக்களும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பின.

பிறகு இறங்கின. என்னை நோக்கி இறங்கின. ராத்திரி முழுவதும் பட்டினி கிடந்த பிள்ளைகளுக்கு, டின் சத்தம் கேட்டால் சாப்பாடு என்று குஞ்சு நாளிலிருந்து பழக்கம். பயத்தில் நான் இன்னும் வேகமாகத் தட்டினேன். தட்டத் தட்ட வந்தன. தயங்கி உட்கார்ந்திருந்த இரண்டொன்றும் வந்து சேர்ந்துகொண்டன. கடைசியாக வந்த வெள்ளைக்குத் தரையில் இடமில்லை. அதுதான் என் தலைமேல் ஏறியது.

மேனேஜர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார்.

"தம்பி, நீ விரட்டறியா, கூப்பிடறியா?"

நான் குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

அப்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. அடிவயிற்றுக் குரல். மேனேஜர் இருப்பதையும் மறந்து, லூர்தக்கா சேலையை வரிந்துகொண்டு ஒரு முழு வசவை அவிழ்த்துவிட்டாள். வண்ணாரப்பேட்டைப் புறாக்கள் மரியாதையாக வளர்ந்தவை. அப்படி ஒரு பேச்சை அவை கேட்டதேயில்லை. மொத்தமும் சடசடவென்று கிளம்பி, திறந்திருந்த பெரிய கதவு வழியாக வெளியே போய், வானத்தில் ஒரு சுற்று சுற்றி, மேற்கே வண்ணாரப்பேட்டையைப் பார்த்துப் பறந்தன. மேனேஜரும் இரண்டு அடி பின்னால் போயிருந்தார்.

கொஞ்ச நேரம் குடோனில் இறகுகள் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தன.

"இந்தம்மா எத்தனை நாளா இருக்காங்க?" என்று கேட்டார் மேனேஜர்.

"போன வாரம்தான் சேந்தாங்க சார்" என்றார் நாயுடு பழக்கதோஷத்தில். அக்கா அவரைப் பார்த்த பார்வையில், "மொத்தத்துல பல வருஷம் சார்" என்று சேர்த்துக்கொண்டார்.

"இவங்களுக்கு இனிமே பிரேக் வேணாம். பர்மனென்ட்டுக்கு எழுதி அனுப்புங்க. ஒரு ஆள் போதும்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி வீட்டுக்குப் போகட்டும்."

மீன் தலை

அப்பா அன்றைக்கு என்னிடம் பேசவில்லை. காதர் புறாக்களை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றும் குறையவில்லை என்று தெரிந்த பிறகுதான், மாடியில் விழுந்து விழுந்து சிரித்தான். "டின்ன தட்னியா? டின்னயா தட்ன?" என்று மறுபடி மறுபடி கேட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது லூர்தக்கா என் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"வா வூட்டுக்கு."

"எதுக்குக்கா?"

"சோறு துன்னத்தான். உன்ன வெச்சி சப்பரமா தூக்கப் போறாங்க?"

காசிமேட்டில் ஒரு சந்து. சந்துக்குள் ஒரு அறை. மூலையில் அடுப்பு, கொடியில் இரண்டு புடவை, சுவரோரமாக டிரங்குப் பெட்டி. கொழுந்துவிட்டு எரிந்த அடுப்பில் வஞ்சிரக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எங்கேயோ பிடித்து அரிசிச் சோறே வடித்திருந்தாள். பக்கத்து அறைப் பெண்கள் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"இவந்தான்" என்று என்னைக் காட்டினாள் அக்கா. "படிச்ச புள்ள. மேனேஜரு முன்னாடி வேணும்னே டின்ன தட்டி, புறாவ கூப்ட்டு, தன் வேலைய எனக்கு வுட்டுக் குட்த்துட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, இல்லக்கா. நெசமாவே மறந்துட்டேன். பயத்துல..."

"பாத்தியா, இன்னா அடக்கம்!" என்றாள் வாசலில் நின்ற ஒரு பெண்.

"நெசமா சொல்றேன்க்கா. அந்த டின்னு சத்தத்துக்குத்தான் அதுங்க வரும்னு..."

அக்கா கதவை ஒருக்களித்தாள். என் எதிரே வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள், அவளுக்குத் தாழ்ந்த குரல் ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எனக்காவ எவனும் ஒண்ணயும் வுட்டுக் குட்த்ததில்ல காலேஜு. கூடப் பொறந்தவன் கூட. நீ மறந்தியோ, வேணும்னே செஞ்சியோ, எனக்குத் தெரிய வேணாம். நான் இப்டிதான் எல்லாராண்டயும் சொல்லிக்கினு கீறேன். நீ குறுக்கப் பேசாத."

சரிக்கா என்றேன்.

அவள் குழம்புச் சட்டியைத் துழாவி, மீன் தலையை எடுத்து என் தட்டில் வைத்தாள். எங்கள் பக்கத்தில் அதைப் பெரிய மனுஷர்களுக்குத்தான் வைப்பார்கள். எனக்கு அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், எலும்பு வரைக்கும் உறிஞ்சிச் சாப்பிட்டேன்.